பொய்த் தூரம்

குணசுந்தரி மாதத்தில் இரண்டு தடவை, சில மாதம் மூன்று தடவைகூட வீட்டுக்குத் தூரமாகிறாள் என்பது அவள் மாமியார் கங்கம்மாவுக்குத் தெரியும். ஊத்துக்கோட்டையில் ஊசி போடுகிற டாக்டருக்குத் தெரியும். காலையில் பால் வாங்க வருகிறவளுக்குக்கூடத் தெரியும். அதில் ஒன்றுதான் நிஜம், மற்றதெல்லாம் பொய் என்பது மட்டும் குணசுந்தரியைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

பொய் சொல்கிற சுபாவம் அவளுக்கு இல்லை. பொன்னேரிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைக்கும் படித்தவள். வாயைத் திறந்தால் உள்ளதைப் போட்டு உடைத்துவிடுவாள் என்று பேர் வாங்கியவள். ஆனால் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த வருஷமே அடிவயிற்றில் ஒரு வலி வந்து உட்கார்ந்துகொண்டது. தொப்புளுக்குக் கீழே, இடுப்பெலும்புக்கு உள்ளே, எந்நேரமும் ஒரு கனம். அது கிளம்புகிற நாட்களில் ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிற மாதிரி பிழியும். தொடை வரைக்கும் இறங்கி, நிமிரவும் விடாது, குனியவும் விடாது.

முதல் தடவை அது அப்படிக் கிளம்பியபோது நடவு நேரம். மாமியாரிடம் சொன்னாள். கங்கம்மா ஒன்றும் கல்நெஞ்சுக்காரி இல்லை. சுக்கும் ஓமமும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். குடித்து முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்றாள். குடித்ததும், "எனக்கில்லாத நோவா ஒனக்கு வந்துட்ச்சி? எழுந்து வேலையப் பாரு, தானா பூடும்" என்றாள். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். அவளும் அப்படித்தான் எழுந்து வேலை பார்த்துக் கிழவியானவள். அன்றைக்குக் குணசுந்தரி கூலியாட்களுக்குக் கூழ் சுமந்துகொண்டு வரப்பில் போனாள். பாதி வழியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். கூழ் சிந்தியதற்கு ஏச்சு வாங்கினாள்.

இரண்டு மாதம் கழித்து, வலி கிளம்பிய ஒரு காலையில், அவள் கஷாயம் கேட்கவில்லை. நேராகக் கொல்லைப் பக்கம் போய், மாட்டுக் கொட்டகையை ஒட்டி இறக்கியிருந்த சாய்ப்பில் உட்கார்ந்துகொண்டாள். கங்கம்மா எட்டிப் பார்த்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. தனித் தட்டும் சொம்பும் வந்தன. சோறு தேடி வந்தது. தண்ணீர் தேடி வந்தது. மூன்று நாள் யாரும் அவளை ஒரு துரும்பை எடுத்துப் போடச் சொல்லவில்லை. காலை மடக்கிக்கொண்டு, வயிற்றை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு, அவள் படுத்தே கிடந்தாள். உலகத்தில் ஒரு பெண்பிள்ளை பகலில் படுத்திருக்க ஓர் இடம் உண்டு என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

அதற்கப்புறம் வலி வந்தாலே தூரம்தான். தீட்டுத் துணியை எட்டிப் பார்க்கிற வழக்கம் எந்த வீட்டிலும் கிடையாது. அதனால் அதைப் போலப் பத்திரமான பொய்யும் கிடையாது. நல்ல துணியையே கசக்கி வைக்கோற்போருக்குப் பின்னால் உலர்த்துவாள். ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் வராமல் இருக்கும்.

அவள் புருஷன் சடையப்பன் ஏரிப் பாசனத்தில் சொந்த நிலம் வைத்துப் பயிர் செய்கிறவன். அதிகம் பேசாதவன். ஊத்துக்கோட்டைச் சந்தைக்குப் போனால் அவளுக்கென்று எதையாவது மடியில் கட்டிக்கொண்டு வருவான். ஒரு முழம் கதம்பம் இருக்கும், இல்லாவிட்டால் நாலு பன் இருக்கும். அவனைக் குணசுந்தரிக்கு ரொம்பப் பிடிக்கும். அதுதான் கஷ்டமே. பிடிக்காத புருஷனாக இருந்தால் வலியைச் சாக்கு வைத்து நிம்மதியாக இருந்திருக்கலாம். அவன் வாசனை பிடிக்கும், முதுகு பிடிக்கும், உறக்கத்தில் அவள் மேல் கையைப் போடுகிறது பிடிக்கும். ஆனால் சேர்ந்தால், உள்ளே கத்தியை வைத்துக் கிழிக்கிற மாதிரி இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். அவனுக்குத் தெரியக் கூடாது என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். அவன் அதை வெட்கம் என்று நினைத்துக்கொண்டான்.

தூர நாட்களில் சாயந்தரம் அவன் வயலிலிருந்து வந்து கிணற்று மேட்டில் உட்காருவான். இவள் சாய்ப்பில் உட்கார்ந்திருப்பாள். நடுவே முற்றமும் வைக்கோலும். கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வரப்போகின்றன, நிலம் பார்க்க ஜீப்பில் ஆட்கள் வருகிறார்கள் என்று ஊர்க் கதையெல்லாம் சொல்வான். அந்த நேரத்தில்தான் அவனைப் பயமில்லாமல் கண் நிறையப் பார்க்க முடியும். வெற்றிலை போட்ட அந்த வாயை, மண் ஒட்டிய அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். எழுந்து போய் அந்தத் தோளில் சாய்ந்துகொள்ள வேண்டும் என்று உடம்பெல்லாம் ஏங்கும். ஆனால் அவன் தொட முடியாது என்பதால்தான் அந்த ஏக்கமே தைரியமாகக் கிளம்புகிறது என்பதும் அவளுக்குத் தெரியும். இந்த வயிற்றெரிச்சலை யாரிடம் போய்ச் சொல்வது?

மாதத்தில் பாதி நாள் மருமகள் கொல்லையில் கிடந்தால் வீடு சும்மா இருக்குமா? ரத்தம் அதிகம் போகிறது, அதனால்தான் பிள்ளை தங்கவில்லை என்று கங்கம்மா முடிவு கட்டினாள். ஊத்துக்கோட்டை டாக்டரிடம் மாட்டு வண்டி கட்டி அழைத்துப் போனார்கள். அவர் குணசுந்தரியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, கங்கம்மாவிடம்தான் கேட்டார். கங்கம்மா விரலை மடக்கிச் சொன்னாள். ரத்தத்தை நிறுத்த ஊசியும், ரத்தம் ஊற டானிக்கும் கொடுத்தார். நிறுத்துவதற்கு அங்கே என்ன இருந்தது? அவளுக்கு நிஜமாக வருவது ஒரே ஒரு நாள், அதுவும் துணி நனைகிற அளவுக்குத்தான். வருஷத்துக்கு வருஷம் அதுவும் குறைந்துகொண்டே வந்தது. வலி மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஒவ்வோர் ஊசிக்கும் அப்புறம் இனிமேல் சரியாகிவிடும் என்று அவளும் நம்பினாள். தப்பான நோய்க்குத் தரும் மருந்து தன் நோயையும் எப்படியாவது சேர்த்துத் தீர்த்துவிடாதா என்கிற நப்பாசை அவளுக்கு.

திருவள்ளூர் வீரராகவப் பெருமாளுக்கு அமாவாசையில் வெல்லம் கரைத்தால் தீராத நோயும் தீரும் என்பார்கள். சடையப்பன் வேண்டிக்கொண்டான். ஆனால் முக்கால்வாசி அமாவாசைக்கு அவள் சாய்ப்பில் இருப்பாள். கோயிலுக்கு எப்படிக் கூட்டிப் போவது? அவனே தனியாக பஸ்ஸேறிப் போய், குளத்தில் வெல்லத்தைக் கரைத்துவிட்டு வருவான். எந்த நோய்க்கு அவன் கரைத்தான் என்பது அந்தப் பெருமாளுக்கே வெளிச்சம்.

எழுபத்திரண்டாம் வருஷம் தை அறுப்பு முடிந்ததும், இனிமேல் உள்ளூர் வைத்தியம் சரிப்படாது என்று மதராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். கும்மிடிப்பூண்டியில் பாசஞ்சர் வண்டி பிடித்து மூவரும் போனார்கள். அங்கே பெண்களுக்குப் பார்க்கிற டாக்டர் சந்திரகலா. ஐம்பது வயது இருக்கும், எப்போதும் அவசரத்தில் இருக்கிறவர். அங்கேயும் கங்கம்மாதான் பதில் சொன்னாள். மாசத்துக்கு மூணு தபா, ஏழு வருசமா, ஊசிக்கும் நிக்கல. டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். குணசுந்தரி கட்டிலை இறுகப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷம் இத்தனை ரத்தம் போயும் ஊசி மருந்து கேட்கவில்லை என்றால் கர்ப்பப்பையை எடுத்துவிடுவதுதான் வழி என்று டாக்டர் சொன்னார். எடுத்துவிட்டால் அப்புறம் பிள்ளை கிடையாது, யோசித்துச் சம்மதம் சொல்லுங்கள் என்று சடையப்பனைப் பார்த்தார்.

கங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சடையப்பன் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் சுற்றினான்.

"கொயந்த வாணாம் டாக்டரம்மா," என்றான். "இவ நோவு இல்லாம நடமாடினா போதும்."

குணசுந்தரிக்கு அதைத் தாங்க முடியவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள். இன்னொருத்தியைக் கட்டிக்கொள்கிறேன் என்றிருந்தால்கூடத் தலையெழுத்து என்று விட்டிருப்பாள். இல்லாத ரத்தத்துக்காக அவன் தன் பிள்ளையை விட்டுக்கொடுக்கிறான். ஒரு பொய்யை நம்பி, முகம் சுளிக்காமல் கொடுக்கிறான். அவள் கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு மாசத்துக்கு ஒரு தபாதான் டாக்டரம்மா. அதுவும் ஒரு நாளு, கொஞ்சம்தான். மத்ததெல்லாம் நோவு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எதற்காக இத்தனை வருஷம் மூன்று தடவை என்று சொன்னாய் என்று கோபமாகவே கேட்டார்.

"நோவுன்னு சொன்னா யாரு படுக்க வுடறாங்க? தூரம்னு சொன்னா வுட்டுடறாங்க."

டாக்டர் கோபத்தை எங்கேயோ விழுங்கிக்கொண்டார். மற்ற இருவரையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துக் கட்டில் பக்கத்தில் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து கேட்டார். எங்கே வலிக்கிறது, எப்போது, எப்படி, சாயந்தரம் உடம்பு சுடுகிறதா, புருஷனோடு இருக்கும்போது வலிக்கிறதா. கடைசிக் கேள்விக்குக் குணசுந்தரி பதில் சொல்லவில்லை. அழுதாள். அதுவே பதில் என்று டாக்டருக்குப் புரிந்தது. இத்தனை வருஷத்தில் அந்த வலியைப் பற்றி அவளையே கேட்ட முதல் ஆள் அவர்தான்.

ஆஸ்பத்திரியிலேயே தங்கவைத்து, மயக்க மருந்து கொடுத்து, உள்ளேயிருந்து கொஞ்சம் சதை சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கர்ப்பப்பையிலும் குழாயிலும் டி.பி. என்று வந்தது. அவள் ஒரு நாளும் இருமியதில்லையே, அது எப்படி என்று சடையப்பன் கேட்டான். அந்தக் கிருமிக்கு நெஞ்சு மட்டும்தான் வீடு என்று இல்லை என்றார் டாக்டர். ரத்தம் அதிகம் என்ற பேச்சை நம்பி எல்லாரும் அங்கேயே தேடிக்கொண்டிருந்தோம் என்று தன்னையும் சேர்த்துச் சொன்னார். இதற்கு மருந்து இருக்கிறது. முதல் சில மாதம் தினமும் ஊசி, ஒன்றரை வருஷம் மாத்திரை. ஒரு நாள்கூட விடக்கூடாது, விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். வலி போகும். பிள்ளை பிறக்குமா என்று கேட்டதற்கு, பிறக்கும் என்றும் சொல்லவில்லை, பிறக்காது என்றும் சொல்லவில்லை. முதலில் வலி போகட்டும் என்றார்.

ஆஸ்பத்திரி வளாகத்தில் குழாயடிக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் சடையப்பன் வாயைத் திறந்தான்.

"என்னாண்ட வரக்கூடாதுன்னுதான் போயி ஒக்காந்தியா?"

"ஒங்களாண்ட வரணும்னு எனக்கு எவ்ளோ ஆசைன்னு ஒங்களுக்குத் தெரியாது. வந்தா நோவுது."

அவன் போய் டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தான். ரயிலில் எதிர்ப் பலகையில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான். கோபமா, துக்கமா, ஒன்றும் பிடிபடவில்லை. கிணற்று மேட்டில் உட்கார்ந்து கதை சொன்ன சாயந்தரங்களில் எது நிஜம், எது பொய் என்று பிரித்துப் பார்க்கிறானோ என்று அவள் பயந்தாள். எல்லாமே நிஜம் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. வண்டி இரைச்சலில் சொல்லவில்லை.

ஊருக்கு வந்ததும் கங்கம்மா அவளிடம் முகம் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டாள். அவள் கோபத்திலும் நியாயம் இருக்கத்தான் செய்தது. எத்தனை நாள் தட்டும் சொம்பும் தூக்கிக்கொண்டு கொல்லைக்கும் அடுப்படிக்கும் நடந்திருப்பாள். தவறிப்போய் மருமகள் மேல் பட்டுவிட்டால் மார்கழிக் குளிரிலும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டவள். அத்தனையும் பொய்க்காகச் செய்தது என்றால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? அதன் பிறகு குணசுந்தரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தால் போதும், "இன்னிக்கு இன்னா தூரமோ, பொய்யோ நெஜமோ" என்று அடுப்படியிலிருந்து கேட்கும். சாய்ப்பும் போயிற்று. இருந்த ஒரே இடத்தையும் உண்மையைச் சொல்லிக் கெடுத்துக்கொண்டோமே என்று அவள் சில நாள் தன்னையே நொந்துகொண்டதுண்டு.

ஊசி கும்மிடிப்பூண்டி அரசாங்க ஆஸ்பத்திரியில். தினமும் விடிந்ததும் சடையப்பன் அவளைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு போனான். கேரியர் இடுப்பில் இடிக்கும் என்று சாக்கை நாலாக மடித்து வைத்துக் கயிற்றால் கட்டினான். முதல் வாரம் அவள் ஸீட்டுக்குக் கீழே இருக்கிற கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள். ஏரிக்கரைப் பள்ளத்தில் ஒரு நாள் சைக்கிள் தூக்கிப் போட்டபோது அவன் இடுப்பைப் பிடித்தாள். பிறகு விடவில்லை. புருஷன் முதுகில் முகத்தை வைத்துக்கொள்ள அவளுக்கு ஏழு வருஷமும் ஒரு டி.பி. ஊசியும் வேண்டியிருந்தது. ஊசி குத்திய இடம் கல்லாய்ப் போய்விடும், காதில் ஙொய் என்று இரைச்சல் கேட்கும், தலை சுற்றும். எல்லாம் இருந்தும், கும்மிடிப்பூண்டி இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்திருக்கலாம் என்று தோன்றும்.

வலி உடனே போய்விடவில்லை. சித்திரையில் ஒரு காலை, வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்து நிமிர்ந்த பிறகுதான், இன்றைக்கு வலிக்கவில்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது. பயந்துபோய் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மத்தியானத்துக்குள் அது திரும்பி வந்துவிட்டது. ஆனால் அந்தக் காலை நேரத்தை அவள் மறக்கவில்லை. மறுபடி எப்போது வரும், எப்போது வரும் என்று ஒவ்வொரு நாளும் காத்துக்கொண்டிருந்தாள். ராத்திரியில் சடையப்பன் தள்ளியே படுத்தான். அவள் கூப்பிடட்டும் என்று இருக்கிறானா, ஒரேயடியாக மனம் விட்டுப்போய்விட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை.

ஆடி மாதம் கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றக் காப்புக் கட்டினார்கள். சடையப்பன் மணிக்கட்டிலும் மஞ்சள் கயிறு ஏறியது. அவள் உடம்பு தேற வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டு கட்டியிருந்தான். கூழ் ஊற்றுகிற நாள் காலையில் குணசுந்தரி நிஜமாகவே தூரமானாள். ஊசி ஆரம்பித்ததிலிருந்து வராமலே நின்றிருந்தது, அதற்கப்புறம் இதுதான் முதல் தடவை.

காப்புக் கட்டியவனைத் தூரமானவள் தொடக்கூடாது. தன் நிழல்கூட அவன்மேல் படாமல் அவள் ஒதுங்க வேண்டும். கும்மிடிப்பூண்டி போகிற பாதையோ அம்மன் கோயில் வாசலைத் தொட்டுக்கொண்டு போகிறது. ஊசியை விடவும் கூடாது. சொல்லாமல் ஏறி உட்கார்ந்துவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஏழு வருஷம் இல்லாததை இருக்கிறது என்றவளுக்கு, இருப்பதை ஒரு நாள் இல்லை என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? அவள் யோசித்தாள். ஆனால் அப்படி அவனைத் தொட்டால் அதுவும் அவனுக்குத் தெரியாமல் தொட்டதாகத்தான் இருக்கும். போதும் என்று தோன்றியது அவளுக்கு.

சடையப்பன் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். அவள் வைக்கோற்போர் ஓரமாகவே நின்றுகொண்டு, தான் தூரம் என்றாள்.

கங்கம்மா கூழ்ப் பானையை விட்டுவிட்டு வெளியே வந்தாள். "எந்தத் தூரம்டி?"

"நெஜமாத்தான் அத்தை."

அவள் முகத்தைக் கங்கம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். நம்பினாள் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் உடனே மகன் பக்கம் திரும்பிவிட்டாள். "ஒரு நாளு ஊசி போடலன்னா ஒண்ணும் பூடாது நைனா. கையில காப்பு கீது. சாமி குத்தம் ஆயிடும்."

சடையப்பன் மணிக்கட்டைப் பார்த்தான். கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக்கொண்டான், அவிழ்க்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வைக்கோற்போர் வரைக்கும் வந்து, கேரியரில் இருந்த சாக்கைத் தட்டிவிட்டான்.

"ஏறு," என்றான்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். அவன்மேல் படாமல், பழையபடி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கோயில் வாசலில் கூழ் துழாவிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பின்னாலேயே கங்கம்மாவின் குரல் கேட்டது. என்ன சொல்கிறாள் என்று காதில் இருந்த இரைச்சலில் விளங்கவில்லை. தெருவெல்லாம் தாண்டி ஏரிக்கரை ஏறியதும் அவன் திரும்பிப் பார்க்காமலே பேசினான்.

"கெட்டியா புடிச்சிக்கோ. பள்ளம் வருது."

"புடிச்சிக்கினுதான் கீறேன்."

"கம்பிய இல்ல. என்ன புடி."

அவள் கம்பியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் அவன் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. பள்ளத்தில் சைக்கிள் இறங்கி ஏறியபோது அடிவயிற்றில் அந்தப் பழைய வலி ஒரு தடவை சுரீரென்று இழுத்தது. பல்லைக் கடிக்கப் போனவள் கடிக்கவில்லை.

"நோவுது," என்றாள்.

அவன் மெதுவாக மிதித்தான்.